விடை தரும் பொறி ஆசிரியன் ஆகுமா?

நீந்தக் கற்றுத் தருபவன் மாணாக்கனைத் தன் முதுகில் சுமந்து சென்று அக்கரையில் இறக்கிவிடுவதில்லை. அவ்வாறு இறக்கிவிட்டால் ஆறு கடக்கப்பட்டிருக்கும், நீச்சல் கற்கப்பட்டிராது. பின்னொரு நாள் அம்மாணாக்கன் தனியனாய் வெள்ளத்தில் இறங்கும்பொழுதுதான் அவன் கற்றது எது, கல்லாதது எது என்பது வெளிப்படும். அப்பொழுது வெளிப்பட்டு யாருக்கு என்ன பயன்?

கற்பித்தல் என்பது விடை கூறுதல் அன்று. விடை தெரிந்திருந்தும் அதனை உடனே கூறிவிடாமல், மாணாக்கன் தானே கண்டுகொள்ளும் அளவிற்கு மட்டும் வழிகாட்டி, எஞ்சியதை அவன் முயற்சிக்கு விட்டுவைப்பதே கற்பித்தல். மாணாக்கன் எவ்வளவு ஏற்றுக்கொள்ள வல்லவன் என்பதை அறிந்து, அதற்கேற்பக் கொடுப்பதை ஆசிரியன் கடமையாகவே வகுத்தது பவணந்தியாரின் நன்னூல். கடைமாணாக்கனுக்கு அந்நூல் காட்டும் உவமைகளுள் ஓட்டைக்குடமும் ஒன்று. எவ்வளவு ஊற்றினாலும் நில்லாத குடம் அது. ஆனால் அங்கே ஓட்டை குடத்தினுடையது. ஊற்றுகின்ற கையே குடத்தில் ஓட்டையும் இடுமானால் அதனை என்னென்று சொல்வது?

இவ்வினா இன்று எழுவதற்குக் கரணியம் உண்டு. செயற்கை நுண்ணறிவு எனப் பலரும் வழங்கும் செய்யறிவின் துணைகொண்டு, நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர்க்குப் பாடம் சொல்லித் தரும் இணையத்தளங்கள் நாள்தோறும் முளைத்த வண்ணம் உள்ளன. இத்தகைய தளத்தை அமைப்பது இன்று கடினமான வேலை அன்று. நிரலாக்கம் அறிந்த இளைஞர் இருவர் மூவர் சேர்ந்தால் சில கிழமைகளில் ஒன்றை எழுப்பிவிடலாம். பெருநிறுவனம் ஒன்றின் மொழிப்பொறியோடு கட்டணத்திற்கு இணைப்புப் பெறவேண்டும். மாணவர் நிரல் எழுத ஒரு கட்டமும், ஐயம் கேட்க ஒரு கட்டமும் அமைக்கவேண்டும். ‘நீ ஓர் ஆசிரியன், தொடக்கநிலை மாணவர்க்கு உதவுக’ என்று பொறிக்கு நான்கு வரி அறிவுறுத்தம் எழுதவேண்டும். அவ்வளவே. தளம் அமைந்துவிட்டது. ஆசிரியன் அமைந்துவிட்டானா?

45-உம் 55-உம்

சிறிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்க. பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிய மாணவி ஒருத்தியிடம், 1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்டித் தொகை காட்டும் நிரல் எழுதுமாறு சொல்லப்படுகின்றது என்க. அவள் எழுதுகின்றாள். நிரலும் ஓடுகின்றது. பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. ஆனால் வரவேண்டிய தொகை 55, வந்ததோ 45. அம்மொழியில் ஒரு சுற்றுக்கு 1, 10 என இரண்டு எல்லைகளைக் கொடுத்தால் தொடக்க எல்லை சேரும், முடிவெல்லை சேராது. ஆகலின் சுற்று 9-உடன் நின்றுவிட்டது. 10 கூட்டப்படவே இல்லை.

இப்பொழுது அவள் பொறியிடம் ஐயம் கேட்கின்றாள். ஒரு பொறி என்ன செய்கின்றது? “முடிவெல்லையை 11 என மாற்றுக, திருத்திய நிரல் இதோ” என்று நொடிப்பொழுதில் முழு நிரலையும் எழுதி நீட்டுகின்றது. அவள் அதனைப் படியெடுத்து ஒட்டுகின்றாள். 55 வருகின்றது. அவளுக்கு மகிழ்ச்சி, தளத்தை நடத்துவோர்க்கும் மகிழ்ச்சி. மறுநாள் 2 முதல் 20 வரையுள்ள இரட்டையெண்களைக் கூட்டச் சொன்னால், 110 வரவேண்டிய இடத்தில் 90 வருகின்றது. நேற்றைய பிழையே இன்றும் நேர்ந்திருக்கின்றது. மீண்டும் பொறி, மீண்டும் முழு விடை. இப்படியே ஓராண்டு கழிந்தாலும் அவள் கற்றது ஒட்டுதல் ஒன்றே.

வேறொரு பொறியை எண்ணிப் பார்க்கலாம். அது விடையைச் சொல்லவில்லை. “உன் நிரல் கடைசியாகக் கூட்டிய எண் எது? ஒவ்வொரு சுற்றிலும் அவ்வெண்ணை அச்சிட்டுப் பார்” என்று மட்டும் சொல்கின்றது. அவள் அச்சிடுகின்றாள். 1, 2, 3 என வரிசையாக வந்து 9-உடன் நின்றுவிடுகின்றது. “பத்தைக் காணோமே!” என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் பிறக்கின்றது. அந்த ஒரு சொல்தான் கல்வி! அந்நொடியில் அவள் கண்டுகொண்டது இரண்டு. ஒன்று, சுற்றின் முடிவெல்லை பற்றிய உண்மை. மற்றொன்று, நிரல் பொய்க்கும்பொழுது அதன் உள்ளே எட்டிப் பார்ப்பது எங்ஙனம் என்னும் முறை. முன்னது ஒரு மொழிக்கு உதவும். பின்னது வாழ்நாள் முழுவதும் எல்லா மொழிக்கும் உதவும். முதற்பொறி இவ்விரண்டையுமே அவளிடமிருந்து பறித்துக்கொண்டு, 55 என்னும் எண்ணை மட்டும் கொடுத்தது. இது கொடையா, கொள்ளையா?

சான்றுகள் கூறுவது என்ன?

இது வெறும் அச்சம் என்று கூறுவார் உளர். அவர்கள் சான்றுகளைப் பார்க்கவேண்டும். நியூசிலாந்தைச் சார்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர் குழுவினர் 2022-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நிரலாக்கத்தின் முதற்பாடத்திற்குரிய தேர்வு வினாக்களைக் கோடெக்சு என்னும் பொறியிடம் கொடுத்து, அதே தேர்வை எழுதிய 71 மாணவரோடு அதனை ஒப்பிட்டனர். பொறி 17-ஆம் இடத்தில் நின்றது. தொடக்கநிலைப் பயிற்சிகள் பெரும்பாலானவற்றிற்கு விடை எழுதவல்ல பொறி, சாட் சிபிடி மக்கள் கைக்கு வந்த 2022 நவம்பருக்கு முன்னரே அணியமாகிவிட்டது என்பதே இதன் பொருள். அதன்பின் வந்த பொறிகள் அதனினும் வல்லன. ஆகலின், விடை கிடைக்குமா என்பது இனி வினாவே அன்று. விடை எங்கும் கிடைக்கும். கிடைப்பதற்கு அரியது கற்பித்தலே.

விடையை வாரி வழங்கினால் என்ன நேரும் என்பதையும் அளந்து பார்த்திருக்கின்றனர். துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஏறத்தாழ ஆயிரம் மாணவரிடையே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. பாடம் கணக்கு, எனினும் அதன் படிப்பினை நிரலாக்கத்திற்கும் பொருந்தும். மாணவர் மூன்று வகையினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு வகையினர்க்குப் பொறி இல்லை. நூலும் ஏடும் மட்டுமே. இரண்டாம் வகையினர்க்குக் கேட்டதற்கெல்லாம் விடை கூறும் பொறி. மூன்றாம் வகையினர்க்கு, ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு படிப்படியாக வழிகாட்டி, விடையை நேரே கூறாத பொறி. பயிற்சியின்பொழுது இரண்டாம் வகையினர் பொறியில்லாதவரைவிட 48 விழுக்காடும், மூன்றாம் வகையினர் 127 விழுக்காடும் மேம்பட்டு நின்றனர். ஆகா, என்னே வளர்ச்சி என்று தோன்றும்! பின்னர்ப் பொறியை அகற்றிவிட்டுத் தேர்வு வைத்தனர். விடை கூறும் பொறியோடு பழகியவர், பொறியையே காணாத மாணவரைவிட 17 விழுக்காடு தாழ்ந்து போயினர். வழிகாட்டும் பொறியோடு பழகியவர்க்கு அந்த வீழ்ச்சி பெரிதும் தவிர்க்கப்பட்டது.

இவ்வாய்வில் மிகவும் அஞ்சத்தக்கது அந்த 17 விழுக்காடுகூட அன்று. தாழ்ந்துபோன மாணவர்க்குத் தாம் தாழ்ந்தது தெரியவில்லை என்பதே அஞ்சத்தக்கது. திருடப்பட்டவன் தான் திருட்டுக் கொடுத்ததை அறியாதிருக்கும் திருட்டு இது. அந்த மாணவரிடம் ‘தளம் எப்படி?’ என்று கேட்டிருந்தால் ‘மிக நன்று’ என்றே சொல்லியிருப்பர். மாணவரின் பாராட்டைக் கொண்டு தளத்தை அளப்போர் இதனை நெஞ்சில் நிறுத்தவேண்டும்.

நன்மையே இல்லையா எனின், உண்டு. அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தனியாசிரியரிடம் பயின்ற நடுத்தர மாணவன், வழக்கமான வகுப்பில் பயின்றோருள் 98 விழுக்காட்டினரைவிட மேம்பட்டு நின்றதாகக் காட்டினார். பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய ஏற்றத்தைக் காணவில்லை. எனினும் தனியாசிரியரால் நன்மை உண்டு என்பதை அவை மறுக்கவும் இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தும் செல்வம் எந்நாட்டிற்கும் இல்லை. அக்குறையைக் கணினியால் நிரப்பலாம் என்னும் எண்ணமும் புதிதன்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சான் ஆண்டர்சன் குழுவினர் 1980-களிலேயே இலிசுப்பு என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கும் கணினி ஆசிரியனை ஆக்கினர். அது சரளமாகப் பேசத் தெரியாத பொறி. ஆனால் மாணவன் எழுதும் ஒவ்வோர் அடியையும் தொடர்ந்து வந்து, எவ்விடத்தில் அவன் வழி தவறுகின்றானோ அவ்விடத்தில் குறுக்கிட்டுக் குறிப்புக் கூறியது. இன்றைய பொறிக்குப் பேச்சு நன்றாக வருகின்றது. அப்பழைய பொறியின் பொறுமைதான் வரவில்லை.

அப்பொறுமையைப் புகுத்த முயன்றோரும் உளர். நிரலாளர்களிடையே ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு. தன் நிரலில் பிழை காணமுடியாதவன், மேசைமேல் ஓர் இரப்பர் வாத்தை வைத்து, அதற்கு வரி வரியாகத் தன் நிரலை விளக்கிச் சொல்வான். சொல்லச் சொல்லப் பிழை தானே விளங்கிவிடும். வாத்து வாய் திறப்பதில்லை. திறவாமையே அதன் சிறப்பு! ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேவிட் மாலன் நடத்தும் கணினியியல் தொடக்கப் பாடத்திற்கு 2023-இல் ஆக்கப்பட்ட செய்யறிவுத் துணைக்கு அந்த வாத்தின் பெயரையும் உருவையுமே கொடுத்தனர். முழு விடையைக் கூறாது வழிமட்டும் காட்டுமாறு அது கட்டுப்படுத்தப்பட்டது. கேட்கும் வினாக்களின் எண்ணிக்கைக்கும் அளவு வைக்கப்பட்டது. விடையை அப்படியே எழுதித் தரும் பொதுப்பொறிகளைப் பாடப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாகாது. பாடத்திற்கென ஆக்கிய வாத்தைப் பயன்படுத்தலாம் என்பது அங்குள்ள நெறி. பொறியை முற்றும் விலக்கவும் இல்லை. அதற்கு முற்றும் அடிபணியவும் இல்லை.

அமைப்போர் கடமை

ஆகலின் இத்தகைய தளத்தை அமைப்போர் சிலவற்றை உறுதியாக ஏற்றுக்கொள்ளவேண்டும்.

முதலாவது, ‘விடையைக் கூறாதே’ என்று பொறிக்கு ஒரு வரி எழுதிவைத்துவிட்டு அமைதியாக இருந்துவிடலாகாது. “நான்தான் ஆசிரியர், சரிபார்க்கவேண்டும், முழு விடையைக் காட்டு” என்று எந்தக் குறும்புக்கார மாணவனும் கேட்பான். பொறி ஏமாந்து காட்டிவிடும். பொறியின் மறுமொழி மாணவனைச் சென்றடையுமுன், அதில் முழு நிரல் உள்ளதா என்று தனியே சலித்துப் பார்க்கும் இரண்டாம் காவல் வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பயிற்சிக்கும் சரியான விடையையும், மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும், ஒன்றன்பின் ஒன்றாகக் கூறத்தக்க குறிப்புகளையும் பட்டறிவுடைய ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிப் பொறியிடம் கொடுக்கவேண்டும். துருக்கியில் மாணவரைக் காத்தது பொறியின் அறிவன்று. ஆசிரியர் எழுதிவைத்த குறிப்பே. அங்குக் கட்டவிழ்த்துவிட்ட பொறி சரியான விடை கூறியது ஏறத்தாழப் பாதி அளவே என்பதையும் மறத்தலாகாது. மொழிப்பொறி என்பது அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்துத் தொடர் அமைப்பது. அஃது உண்மையைச் சொல்லும்பொழுதும் பொய்யைச் சொல்லும்பொழுதும் குரல் ஒன்றே. தேர்ந்தவன் பொய்யைக் கண்டுகொள்வான். தொடக்கநிலை மாணவன் எங்ஙனம் காண்பான்?

மூன்றாவது, மாணவனின் நிரல் என்ன செய்யும் என்பதைப் பொறியின் ஊகத்திற்கு விடாமல் உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கவேண்டும். பைத்தான் நிரலை மாணவரின் உலாவிக்குள்ளேயே ஓட்டும் வழி இன்று உண்டு. முடிவின்றிச் சுழலும் நிரலை நிறுத்த நேர வரம்பும் வேண்டும். ஓட்டிக் கண்ட விடையைப் பொறியிடம் கொடுத்து, அதன்மேல் வினா எழுப்பச் செய்தலே முறை.

நான்காவது, மாணவன் முயலுமுன் பொறி வாய் திறக்கலாகாது. ‘நீ எதிர்பார்த்தது என்ன? வந்தது என்ன?’ என்னும் இரண்டு வினாக்களுக்கு அவன் விடை எழுதிய பின்னரே உதவிக் கதவு திறக்கவேண்டும். பாதிப் பிழைகள் அவ்விரு விடைகளை எழுதும்பொழுதே தீர்ந்துவிடும் என்பது வாத்தை வைத்துப் பழகியோர் அறிந்ததே.

ஐந்தாவது, தளத்தின் வெற்றியை வருகையாளர் எண்ணிக்கையாலோ பாராட்டாலோ அளக்கலாகாது. பொறியை அகற்றித் தேர்வு வைத்து அளக்கவேண்டும். தூண் இன்றி நிற்கும் கொடி எது என்பது தூணை எடுத்த பின்னரே தெரியும்.

ஆறாவது, மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியும் அவரது அறியாமையின் பதிவு. அதனைச் சேர்த்துவைத்து விற்கும் ஆசை வணிகர்க்கு எழும். 2023-ஆம் ஆண்டின் இந்தியத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், 18 அகவை நிரம்பாதோரின் செய்திகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கின்றது. சட்டம் சொல்வதால் மட்டுமன்று, ஆசிரியன் மாணாக்கனின் பிழையை அங்காடியில் கூவி விற்கலாகாது என்னும் அறத்தாலும் அது காக்கப்படவேண்டும். அப்பிழைகளை அறியவேண்டியவர் ஒருவரே. அவர் அம்மாணவரின் வகுப்பாசிரியர். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் இடறினர் என்னும் செய்தி அவர் கைக்கு வந்தால், மறுநாள் வகுப்பு சிறக்கும்.

35 சொற்களுக்காகவா?

இனி, தமிழ்நாட்டில் இத்தகைய தளம் அமைப்போர் மறந்தே போகும் ஒன்றைச் சொல்லவேண்டும். தமிழ்வழியிற் பயின்று நிரலாக்கத்திற்கு வரும் மாணவனுக்குச் சுமை இரண்டு. ஒன்று, நிரலாக்கம். மற்றொன்று, அதனை விளக்கும் ஆங்கிலம். அவன் தடுமாறினால் எச்சுமையால் தடுமாறினான் என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘இவனுக்கு நிரலாக்கம் வராது’ என்று முத்திரையிட்டு விடுகின்றனர்.

உண்மையில் அங்கே ஆங்கிலம் எவ்வளவு? பைத்தான் மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35. அவற்றோடு அச்சிடுதல், உள்ளிடுதல் போன்ற செயற்கூறுகளின் பெயர்கள் சிலவற்றைச் சேர்த்தாலும், தொடக்கநிலை மாணவன் மனப்பாடம் செய்யவேண்டியவை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதலே பைத்தான் அதற்கு இடந்தருகின்றது. ‘தொகை’ என்றும் ‘எண்’ என்றும் மாணவி தன் மாறிகளுக்குப் பெயரிட்டால் பொறி ஒன்றும் முகம் சுளிப்பதில்லை, மாந்தர்தாம் சுளிக்கின்றனர். கட்டளைச் சொற்களே தமிழாய் அமைந்த ‘எழில்’ என்னும் நிரல்மொழியை முத்து அண்ணாமலை ஆக்கிக் கட்டற்ற மென்பொருளாகவே வழங்கியுள்ளார். ஆக, ஆங்கிலம் தேவைப்படுவது அந்த ஒரு பக்கத்திற்கே. எண்ணுவது, ஐயுறுவது, வினவுவது, விளங்கிக்கொள்வது ஆகிய அனைத்தும் தாய்மொழியில் நிகழலாம். 35 சொற்களுக்காக ஒரு குழந்தையின் எண்ணம் முழுவதையும் அடகு வைக்கவேண்டுமா?

“பொறிக்குத்தான் தமிழ் தெரியுமே; தமிழில் கேட்டால் தமிழில் சொல்கின்றதே” என்பர் சிலர். சொல்கின்றது. ஆனால் நேற்று ‘செயற்கூறு’ என்றதை இன்று ‘சார்பு’ என்கின்றது. நாளை ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுகின்றது. மூன்றும் ஒன்றே என்பதை அறியாத தொடக்கநிலை மாணவன் மூன்று பொருள்கள் உள்ளன என்று மயங்குகின்றான். இம்மயக்கத்தை நீக்கும் வழி எளிது. மாறி, சுற்று, செயற்கூறு, பட்டியல் என ஒரு பொருளுக்கு ஒரு சொல்லாக வரையறுத்த சொற்பட்டியை அமைப்போர் அணியம் செய்து, பொறி அதனையே வழங்குமாறு கட்டவேண்டும். பிழைச்செய்தி ஒவ்வொன்றிற்கும் தமிழ் விளக்கம் எழுதிவைக்கவேண்டும். தொடக்கநிலையில் அடிக்கடி வரும் பிழைச்செய்திகள் பத்துப் பன்னிரண்டு வகையினும் மிகா. தமிழறிந்த நிரலாளர் ஒருவர்க்கு அது சில நாள் வேலை.

செலவிலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று. கணினிக்கு அது ஐந்து குறியீடுகள். இணையத்தில் வழங்கும் குறியீட்டு முறையில் 15 பைட்டுகள். அப்பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்டுகள். மொழிப்பொறிகள் சொற்களைத் துண்டுகளாக்கி, துண்டின் எண்ணிக்கைக்குக் கட்டணம் பெறுகின்றன. ஆங்கிலத்தைப் பெரிதும் உண்டு வளர்ந்த பொறி ஆங்கிலச் சொல்லை ஒரே துண்டாக விழுங்குகின்றது. தமிழ்ச்சொல்லையோ பல துண்டுகளாக நறுக்குகின்றது. அண்மைப் பொறிகளில் இவ்வேறுபாடு குறைந்து வருகின்றது, மறைந்துவிடவில்லை. ஒரே விளக்கத்திற்குத் தமிழ் மாணவன் கூடுதல் விலை கொடுக்கவேண்டியிருக்கின்றது. அடிக்கடி வரும் ஐயங்களுக்கு ஆசிரியர் எழுதிய தமிழ்க் குறிப்புகளை முதலில் காட்டி, அவற்றால் தீராதவற்றை மட்டும் பொறியிடம் அனுப்பினால், செலவும் குறையும், பிழையும் குறையும்.

எவர் இழப்பர்?

இறுதியாக ஒரு மறுப்பு எழும். “பொறியே நிரல் எழுதும் காலத்தில் மாந்தர் ஏன் அதனைக் கற்கவேண்டும்?” என்பதே அது. கணக்குப் பிள்ளை கொடுத்த சிட்டையைப் படிக்கத் தெரியாத முதலாளி எவ்வளவு காலம் முதலாளியாக இருப்பான்? பொறி எழுதிய நிரல் 45 என்று சொன்னால், அது 55 ஆகவேண்டும் என்று அறிந்து சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வாறு சொல்ல வல்லவர் பொறியை ஆள்வர். வல்லாதவர் பொறி நீட்டியதை ஒட்டிக்கொண்டிருக்கும் கூலிகளாவர். அக்கூலியும் நெடுநாள் நில்லாது. ஒட்டுவதற்கு ஆள் எதற்கு?

இவ்விழப்பு எல்லார்க்கும் ஒரே அளவினது அன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பொறி தவறாக வழிகாட்டினால் திருத்துவதற்குத் தந்தை உண்டு, தமக்கை உண்டு, கட்டணம் பெறும் தனியாசிரியர் உண்டு. கொத்தனார் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட பிள்ளைக்கோ, இரவு ஒன்பது மணிக்கு ஐயம் கேட்க அந்தக் கைப்பேசித் திரை ஒன்றே உண்டு. அத்திரையில் இருப்பது ஆசிரியனானால், அந்தப் பிள்ளைக்குத் தலைமுறை தலைமுறையாக அடைபட்ட கதவு ஒன்று திறக்கும். அங்கிருப்பது விடை விற்கும் பொறியானால், கதவு திறந்தது போன்ற ஓவியம் ஒன்றைச் சுவரில் மாட்டியதாகவே முடியும்.

ஆகலின் தளம் அமைக்கப் புகும் இளைஞர்கள் பொறியின் வல்லமையைக் கண்டு மயங்காமல், மாணவனின் வல்லமையை வளர்ப்பது எது என்று ஒவ்வொரு வரியிலும் வினவிக்கொள்ளவேண்டும். விடையைத் தருவதற்குப் பொறி போதும். விடையைத் தராமல் நிறுத்திவைப்பதற்கு மாந்தனின் அன்பும் பொறுமையும் வேண்டும். அவ்வன்பையும் பொறுமையையும் நிரலாக எழுதி, தமிழ்ப் பிள்ளைகளின் ஐயத்திற்குத் தமிழில் வினாவெழுப்பும் ஆசிரியனை ஆக்கவல்லோர் ஆக்குக! ‘பத்தைக் காணோமே’ என்னும் அந்த ஒரு குரல் ஒவ்வொரு சிற்றூரின் திரைக்கு முன்னும் எழுக!